எழுதத் திறந்து கிடந்த சிப்

கணினியின் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது விண்டோஸ் இல்லை, மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப். அதிலுள்ள பயாஸ்தான் மெமரியை எண்ணிப் பார்த்து, ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, பிறகு விண்டோஸை எழுப்பும். 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோது அது ரோமில் இருந்தது. எழுதினால் எழுதியதுதான். தப்பு இருந்தால் சிப்பையே கழற்றி மாற்ற வேண்டும். 90களின் நடுவில் ஃபிளாஷ் சிப் பரவலானது. ஒரு ஃபிளாப்பி போதும், பயாஸை வீட்டிலேயே அப்டேட் செய்யலாம். பெரிய டிஸ்க்கை அடையாளம் தெரியாமல் விழித்த போர்டுகளுக்கு இது மறுவாழ்வு. ஆனால் நாம் எழுத முடிகிற இடத்தில் இன்னொருவரும் எழுதலாம் இல்லையா?

அந்த இன்னொருவர் தைவானில் இருந்தார். தாத்துங் கல்லூரி மாணவர் சென் இங்-ஹாவ் 1998இல் எழுதிய வைரஸுக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளே பெயரானது: சிஐஎச். அளவு சுமார் ஒரு கிலோபைட். (யூனிகோடில் இந்தப் பத்தியே அதைவிடப் பெரிது.) புரோகிராம் ஃபைல்களுக்குள் இருக்கும் காலி இடங்களில் துண்டு துண்டாக ஒளிந்துகொள்ளும், ஃபைலின் அளவு கூடாது. விண்டோஸ் 95, 98 இரண்டும் அதை வன்பொருள்வரை போக விட்டன. விண்டோஸ் என்டி விடவில்லை.

1999 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. செர்னோபில் விபத்து நடந்த தேதி என்பதால் அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. தென் கொரியா, துருக்கி, இந்தியா, வங்காளதேசம் என்று அடி பெரும்பாலும் ஆசியப் பக்கம்தான். அடி இரண்டு: டிஸ்க்கின் முதல் ஒரு மெகாபைட்டை அழிப்பது, பயாஸில் குப்பையை எழுதுவது.

இங்கேதான் எனக்கு விசித்திரமாகப் படுவது. பழைய போர்டுகளில் பயாஸ் அழியவில்லை, ஏனென்றால் அங்கே எழுதவே முடியாது. ஆனால் அவற்றின் சிறிய டிஸ்க்கில், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையின் இரண்டு பிரதிகளும் அந்த முதல் மெகாபைட்டுக்குள்ளேயே இருந்தன. இரண்டும் போச்சு. புதுசாக வாங்கியவனுக்குத் தலைகீழ்: போர்டு செத்தது, பெரிய டிஸ்க்கில் இரண்டாவது பிரதி தப்பியது, ஃபைல்களை மீட்க முடிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடித் தமிழ் விசைப்பலகையைத் தரப்படுத்தியிருந்தது. கதையையும் கவிதையையும் காகிதத்திலிருந்து டிஸ்க்குக்கு மாற்ற ஆரம்பித்த காலம். ஃபிளாப்பியில் பிரதி எடுக்காதவர்களின் கதி என்ன?

சென்னைத் திட்டுவது சுலபம். நான் போர்டு செய்தவர்களையும் சேர்த்துத்தான் திட்டுவேன். எழுதுவதைத் தடுக்க ஒரு ஜம்பர் போதும். பல போர்டுகளில் அது இல்லை, இருந்ததிலும் திறந்தே வைத்து விற்றார்கள்.

மலாக்காவுக்குச் சிப் புதிதில்லை. கிளேபாங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில், பத்து பெரெண்டாமில், 1970களிலிருந்தே சிப் தொழிற்சாலைகள் உண்டு. ஃபேக்டரி பஸ் ஏறிப் போன நம் அக்காமார்கள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டியவர்கள். வீட்டுக் கணினிக்குள் அதே மாதிரி ஒரு சிப் யாரும் எழுதலாம் என்று திறந்து கிடப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

செத்த சிப்பை எழுப்ப ரிப்பேர்காரர்கள் ஒரு துணிச்சலான வழி வைத்திருந்தார்கள். அதே மாடல் நல்ல போர்டை பூட் செய்வது. பயாஸ் ஏற்கெனவே மெமரிக்குப் போயிருக்கும், அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே நல்ல சிப்பைப் பிடுங்கி, செத்ததைச் செருகி, புதிதாக எழுதுவது. கை நடுங்கினால் இரண்டும் காலி. கரன்ட் போய் அப்டேட் பாதியில் நின்ற அவார்டு பயாஸுக்கு இவ்வளவு வீரம் தேவையில்லை. அதன் அழியாத மூலைப் பகுதி ஃபிளாப்பியைப் படிக்கும், ஆனால் படம் காட்டப் பழைய ஐஎஸ்ஏ டிஸ்ப்ளே கார்டுதான் வேண்டும். எல்லாரும் தூக்கிப் போட்ட கார்டு அது.