உரையாடலுக்கு எந்த வடிவம்? திறந்தமூல விவாதக்கள மென்பொருள்களின் வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

எங்கள் ஆய்வுக்குழுவின் விவாதங்களுக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இந்தப் பருவத்தில் என்னிடம் வந்தது. முன்பிருந்த களம், அதை நிறுவிய மூத்த ஆய்வாளர் பட்டம் பெற்றுச் சென்றபின் கவனிப்பாரின்றிக் கிடந்தது; பின்னர் சர்வர் மாற்றப்பட்டபோது சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோனது. நான்கு ஆண்டுகளின் களப்பணிக் குறிப்புகள் மீதான வாதங்கள் அதில் இருந்தன. ஒரு வாக்கியம் ஏற்புடையதா இல்லையா என்று ஐந்து தாய்மொழிகளைச் சேர்ந்தவர்கள் மோதிக்கொண்ட பக்கங்களை இனி எவரும் படிக்க இயலாது. ஆகவே இம்முறை வசதிப் பட்டியல்களை ஒப்பிடுவதற்கு முன், இந்த மென்பொருள்கள் எந்தத் தேவையிலிருந்து பிறந்தன என்று தேடிப் படித்தேன்.

தொடக்கமே எங்கள் இழப்போடு தொடர்புடையதாக இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில், பிழைகளைத் தெரிவிப்பதற்கென்று எல்லோரும் எழுதக்கூடிய ஒரு பொதுக்கோப்பு இருந்தது. எவரும் எழுதலாம் என்பதால் எவரும் அழிக்கவும் முடிந்தது. இக்குறையைத் தீர்க்க 1973-ல் டேவிட் வூல்லி என்ற 17 வயது இளைஞர் 'நோட்ஸ்' என்னும் நிரலை எழுதினார். ஒரு மூலக்குறிப்பு, அதன்கீழ் வரிசையாக 63 மறுமொழிகள் வரை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் அழிக்க இயலாது. ஆக, விவாதக்களம் என்ற கருவியின் முதல் வடிவமே பேச்சைப் பெருக்குவதற்காக அன்றி, பேசியதைக் காப்பதற்காக எழுந்தது. இன்றைய ஒப்பீட்டுக் கட்டுரைகளில் நான் தேடியும் காணாத அளவுகோல் இதுதான்.

பிளேட்டோவின் மறுமொழிகள் ஒற்றை வரிசையில் நின்றன. 1979-ல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் கருக்கொண்ட யூஸ்நெட் வேறு திசையில் வளர்ந்தது. அங்கே ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மறுமொழி எந்தச் செய்திக்கு உரியது என்பது தலைப்பகுதியில் குறிக்கப்படும். இக்குறிப்பைக் கொண்டு பின்வந்த வாசிப்பு நிரல்கள் உரையாடலைக் கிளைவிடும் மரமாக வரைந்து காட்டின. மரமா, வரிசையா என்ற கேள்வி அன்றிலிருந்து தீரவில்லை. மொழியியல் படித்த எனக்கு இதில் வியப்பில்லை. பேச்சில் ஒரு கூற்று உடனடியாக முன்வந்ததற்கே விடையாக அமைய வேண்டியதில்லை; ஆனால் காதில் விழுவது வரிசையாகத்தான் விழுகிறது. (தமிழ் இணையத்தார் சிலர் இதனை 'இழை' என்றார்கள், சிலர் 'திரி' என்றார்கள். இரண்டுமே கிளைவிடாதவை என்பதைக் கவனிக்க வேண்டும்.)

யூஸ்நெட்டுக்கு மையச் சர்வர் கிடையாது. செய்திகள் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் படியெடுத்து அனுப்பப்பட்டன. அதனால்தான் டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் 1991 வரை காந்த நாடாக்களில் சேமித்துவைத்த சுமார் 20 லட்சம் செய்திகள், 2001-ல் கூகுள் வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் இடம்பெற முடிந்தது. ஒரு தனிமனிதரின் பொறுமை ஒரு தலைமுறையின் பேச்சைக் காத்தது. 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்ட ஆர்குட்டில் இந்தியர்கள் எழுதிக் குவித்தவை அப்படிப் பல நிறுவனங்களின் கணினிகளுக்குப் படியெடுத்து அனுப்பப்பட்டவை அல்ல.

1990-களின் பிற்பகுதியில் வலைவழி விவாதக்களங்களுக்கான கட்டண மென்பொருள்கள் புழக்கத்தில் இருந்தன. அவற்றுள் ஒன்றைப் போன்ற எளிய களம் வேண்டும் என்று ஜேம்ஸ் அட்கின்சன் 2000 ஜூனில் எழுதத் தொடங்கியதே பிஎச்பி-பிபி. ஜிபிஎல் உரிமம், மலிவான பகிர்வுச் சர்வரிலும் ஓடும் எளிமை ஆகியவற்றால் அது உலகெங்கும் பரவியது. அப்பரவலே அதன் சோதனையாகவும் ஆயிற்று: 2004 டிசம்பரில் சாண்டி என்னும் புழுநிரல் கூகுளில் தேடித்தேடி இக்களங்களைச் சிதைத்தது.

'இலவசம்', 'திறந்தமூலம்' ஆகிய இரு சொற்களையும் மாணவர்கள் ஒன்றாகக் கருதுவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிம்பிள் மெஷின்ஸ் ஃபோரம் தொடக்கத்தில் விலையின்றிக் கிடைத்தது, மூலநிரலையும் படிக்க முடிந்தது. எனினும் மாற்றியமைத்து மறுவிநியோகம் செய்யும் உரிமை தாராளமாக இல்லை. 2011-ல் வெளியான 2.0 பதிப்புதான் பிஎஸ்டி உரிமத்தின் கீழ் வந்தது. மறுபுறம், 2008-ல் மூலநிரலைத் திறந்த ரெடிட், 2017-ல் அவ்வழக்கத்தை நிறுத்திக்கொண்டது. உரிமத்தைத் தேதியோடு சேர்த்துப் படிப்பதே நல்லது.

2013-ல் அறிமுகமான டிஸ்கோர்ஸ், ஜெஃப் அட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் மூவரின் ஆக்கம். கிளைகள் உரையாடலைச் சிதறடிக்கின்றன என்பது அட்வுட்டின் உறுதியான கருத்து. ஆகவே வரிசையே அதன் அடிப்படை வடிவம். கிளை வேண்டுமெனில் புதுத் தலைப்பாகப் பிரித்து இணைப்புக் கொடுக்கலாம். ஐஐடி மெட்ராஸின் இணையவழி பிஎஸ் படிப்பு மாணவர்களுக்கு இது பழகிய இடம். இதற்கென ஒரு தனிச் சர்வரும் அதைப் பேணத் தெரிந்த ஒருவரும் தேவை. பிஎச்பி-பிபிக்கு அவ்வளவு வேண்டாம். ஃபிளாரம் எடை குறைந்தது, அழகானது; ஆனால் அதன் 1.0 பதிப்பு 2021-ல்தான் வந்தது என்பதால் எங்கள் குழு தயங்கியது.

இவ்வொப்பீடுகளில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்று குறியேற்றம். பிஎச்பி-பிபியின் இரண்டாம் பதிப்பில் எழுத்துக் குறியேற்றம் மொழிப்பொதிக்கு ஏற்ப மாறும். 2007 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்புதான் முழுமையாக யூடிஎஃப்-8 முறைக்கு மாறியது. ஆங்கிலப் பொதியை வைத்துக்கொண்டு திஸ்கி எழுத்துருவில் தமிழ் எழுதிய ஒரு களத்தை எண்ணிப் பாருங்கள். தரவுத்தளத்தின் கண்ணுக்கு அவை ஐரோப்பிய எழுத்துகள். மாற்றும் நிரல் அவற்றை ஐரோப்பிய எழுத்துகளாகவே 'சரியாக' மாற்றிவிடும். மனிதர் படிக்கும் தமிழ் அங்கே அழிகிறது, கணினி ஒரு பிழையையும் அறிவிப்பதில்லை.

சிறிய இடறல்களும் உண்டு. டிஸ்கோர்ஸின் இயல்பமைப்பில் ஓர் இடுகைக்குக் குறைந்தது 20 குறிகள் வேண்டும். அது எண்ணுவது யூனிகோடு குறிகளை: நாம் இரண்டெழுத்து என்னும் 'கொடு', அதன் கணக்கில் நான்கு. அப்படியும் 'ஆம், சொல்வோம்' என்ற விடை 13 குறிகளில் நின்று, மறுக்கப்படுகிறது. களப்பணியில் அதைவிட மதிப்புள்ள விடை ஏது? அமைப்பில் அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டோம்.

இறுதியில் நாங்கள் வைத்த தேர்வு ஒன்றே. சோதனைக்காக நிறுவிய களத்தில் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம், கோண்டி ஆகிய மொழிகளில் நாற்பது இடுகைகள் எழுதினோம். நிர்வாகப் பக்கத்திலிருந்து முழுப் படியையும் இறக்கி, ஒரு மாணவியின் மடிக்கணினியில் புதிதாக நிறுவிய டிஸ்கோர்ஸில் மீட்டெடுத்தோம். நாற்பதும் எழுதியவர் பெயரோடும் நேரத்தோடும் வந்தன. ழகரம் ழகரமாகவே வந்தது. அதனால் டிஸ்கோர்ஸ். மாதந்தோறும் ஒரு படி துறை நூலகத்துக்குச் செல்ல வேண்டும் என்பது முதல் விதி. நான் அடுத்த ஆண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின் சர்வரின் கடவுச்சொல் யார் கையில் இருக்கும் என்பதை மட்டும் கூட்டத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை.