பெரம்பூரில் உயிர்பெற்ற பழைய எஞ்சின்

தேவாலாவுக்கு ரயில் பாதை கிடையாது. ஆயினும், சீமை இயந்திரத்தைக் கண்டறியாத ஊர் அன்று அது. 1880-ஆம் ஆண்டையொட்டி, இவ்வட்டாரத்தில் பொன் மிகுதியாகக் கிடைக்குமென நம்பி லண்டனில் பல கம்பெனிகள் தோன்றின. பாறையை இடித்துத் தூளாக்கும் இயந்திரங்கள் கப்பலேறி வந்து மலைமேல் சேர்ந்தன. பொன்னோ செலவுக்கும் கட்டவில்லை. சில ஆண்டுகளில் துரைமார் சென்றுவிட்டனர். இரும்பு மட்டும் காட்டில் நின்று துருவேறியது.

அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே இங்கிலாந்திலிருந்து வந்த வேறோர் இரும்புக்கு வேறு விதி வாய்த்தது. மாணவ நண்பர்களே, இன்று அதன் வரலாற்றைக் காண்போம்.

கிழக்கிந்திய ரயில்வே 1854 ஆகஸ்டு 15-இல் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்குத் தன் முதல் வண்டியை விட்டது. அதற்குள் பட்ட பாடு கொஞ்சமன்று. எஞ்சினை ஏற்றிய கப்பல் வழி தவறி ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. பெட்டிகளை ஏற்றிய கப்பலோ கங்கை முகத்தில் மூழ்கிற்று! மறு ஆண்டு, லீட்ஸ் நகரத்துக் கிட்சன் கம்பெனியார் செய்த இரு எஞ்சின்கள் வந்தன. எண் 21, எண் 22 என்பன அவை. பின்னதே ‘ஃபேரி குவீன்’ எனப் பிற்காலத்தில் பெயர் பெற்றது.

இவ்விரண்டிலும் ஆறு சக்கரங்களுள் நடு இரண்டை மட்டுமே நீராவி சுழற்றும். சமவெளியில் இலேசான தபால் வண்டியை இழுக்க அது போதும். பற்சக்கரத்தால் தண்டவாளத்தின் இடைப்பல்லைக் கவ்வி உதகைக்கு ஏறும் நம் எஞ்சினின் வேலை அதனால் ஆகாது. (நம்முடையதை ஆங்கிலேய எஞ்சின் என்பாருண்டு; அவ்வகை சுவிட்சர்லாந்தில் வகுக்கப்பட்டதாகும்.)

1909-இல் இரண்டும் ஓய்வு பெற்றன. 21-ஆம் எண் ஜமால்பூரிலும் ஹௌராவிலுமாக 101 ஆண்டுகள் காட்சிப் பொருளாய் நின்றது. வண்ணம் பூசி நிறுத்துவதைப் ‘பாதுகாப்பு’ என்கிறோம். உள்ளுறுப்புகள் பல போய்விட்ட எஞ்சினுக்கு அச்சொல் பொருந்துமா என்பது எனக்கு ஐயமே.

பின்னர் அது சென்னைப் பெரம்பூர்ப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. 1856-இல் தோன்றிய அப்பட்டறை எஞ்சினுக்கு ஒரு வயதே இளையது. அகலப்பாதையில் நீராவி ஓட்டம் 1995-இலேயே முடிந்துபோக, கொதிகலனின் போக்கறிந்த கைகள் அருகிவந்த காலம் அது. எனினும் தொழிலாளர் ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, இல்லாதவற்றைத் தாமே வார்த்தும் கடைந்தும் பொருத்தினர். முன்னில்லாத புதிய தடைக்கருவியும் சேர்ந்தது. 2011-இல் ஃபேரி குவீனின் உறுப்புகள் களவு போனபோதும், அது செப்பம் பெற வந்தது பெரம்பூருக்கே.

இன்று 21-ஆம் எண்ணில் லீட்ஸ் இரும்பு எவ்வளவு, பெரம்பூர் இரும்பு எவ்வளவு என்று பிரித்துக் காண்பது அரிது. 2010 ஆகஸ்டு 15-ஆம் நாள் அது தன் சொந்த நீராவியில், சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் பயணிகளை இழுத்துச் சென்றது.