அதிதூதர்கள்

அதிதூதர்கள் என்போர் கிறிஸ்தவ நம்பிக்கையில் வானதூதர்களின் தலைவர்கள். மிக்கேல், கபிரியேல், இரபேல் மூவரும் இவர்களில் நன்கறியப்பட்டவர்கள். கத்தோலிக்க முதியோர் இவர்களைச் ‘சம்மனசுகள்’ என்பார்கள். கோயில் பெயர்ப்பலகைகளில் ‘அதிதூதர்’ என்றிருக்கும். சீர்திருத்தச் சபைகளின் பழைய வேதாகமத்தில் ‘பிரதான தூதன்’. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் ‘தலைமைத் தூதர்’. சிரியன் மரபு மலையாளிகள் சிரியாக்கிலிருந்து பெற்ற ‘மாலாக’ என்ற சொல்லை வழங்குகிறார்கள். மூணாறுக்கும் உடுமலைக்கும் இடையே, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் மறையூர் போன்ற எல்லை ஊர்களில் இச்சொற்கள் அருகருகே வாழ்கின்றன.

விவிலியத்தில்

‘தலைமைத் தூதர்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது: 1 தெசலோனிக்கர் 4:16, யூதா 9. இவற்றில் பெயர் சொல்லப்படுபவர் மிக்கேல் மட்டுமே. அவர் பெயருக்கு ‘கடவுளுக்கு நிகர் யார்?’ என்று பொருள். தானியேல் நூலில் அவர் இஸ்ரயேல் மக்களின் காவலர்; திருவெளிப்பாடு 12இல் அரக்கப்பாம்போடு போரிடுபவர். யூதாவின் மடலிலோ, மோசேயின் உடலைக் குறித்து அலகையோடு வாதிடும்போதுகூடத் தாமே தீர்ப்புச் சொல்லாமல் கடவுளிடம் விட்டுவிடுகிறார்.

கபிரியேல் தானியேலுக்குக் காட்சியை விளக்குகிறார்; செக்கரியாவுக்கும் மரியாவுக்கும் பிள்ளைப்பேற்றை அறிவிக்கிறார். விவிலியம் அவரை எங்கும் அதிதூதர் என்று அழைப்பதில்லை.

இரபேலின் கதை தோபித்து நூலில் உள்ளது. அவர் அசரியா என்ற பெயரில் சாதாரண வழித்துணைவராக இளைஞன் தோபியாவுடன் நடக்கிறார். ஆற்றில் பிடித்த மீனின் பித்தப்பையைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். அதுவே பின்னர் பார்வையிழந்த தந்தைக்குக் கண்மருந்தாகிறது. கூலி தர வந்தபோதுதான், ஆண்டவர் திருமுன் நிற்கும் ஏழு தூதர்களில் ஒருவர் தாம் என்பதை வெளிப்படுத்தி, கடவுளைப் போற்றுமாறு சொல்லி மறைகிறார். கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையினரும் இந்நூலை ஏற்கின்றனர். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் இது இல்லை. ஆகவே அச்சபைகளில் இரபேலைப் பற்றிய பேச்சு அரிது.

விளக்கங்களின் வரலாறு

ஏழு தூதர்களுக்கு யூத மரபின் ஏனோக்கு நூல் பெயர்கள் தருகிறது. ஊரியேல் என்ற பெயர் அதில் வருகிறது. எத்தியோப்பியத் திருச்சபை அந்நூலை இன்றும் மறைநூலாகக் கொள்கிறது. மேலைத் திருச்சபையில் பெயர்கள் பெருகியபோது, 745இல் உரோமைச் சங்கம் விவிலியத்தில் உள்ள மூன்று பெயர்களோடு நிறுத்தியது.

தியோனிசியு என்ற பெயரில் எழுதப்பட்ட பழைய நூல் ஒன்று தூதர்களை ஒன்பது அணிகளாக வகுத்து, அதிதூதர்களுக்கு எட்டாம் இடம் தந்தது. திருத்தந்தை பெரிய கிரகோரியார் வேறு விதமாக விளக்கினார்: சிறு செய்தி கொணர்பவர் தூதர், பெருஞ்செய்தி கொணர்பவர் அதிதூதர். அவர் கருத்தில் தூதர் என்பது இயல்பின் பெயரன்று, பணியின் பெயர்.

சீர்திருத்தவாதி கால்வின் விவிலியத்துக்கு அப்பாற்பட்ட இத்தகைய அணிவகுப்புகளை ஏற்கவில்லை. ஏழாம்நாள் அட்வெந்து சபையினர் மிக்கேல் என்பது கிறிஸ்துவையே குறிக்கும் என்கின்றனர். அவர்களுக்குக் கிறிஸ்து கடவுள். யெகோவாவின் சாட்சிகளும் மிக்கேலை இயேசு என்றே கொள்கின்றனர், ஆனால் படைக்கப்பட்டவராக.

மேற்கு மலையின் இரு பக்கம்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே கோயம்புத்தூரில் இலத்தீன் மறைமாவட்டத்தின் புனித மிக்கேல் அதிதூதர் பேராலயம். மேற்கே பாலக்காட்டில், 1974இல் உருவான சீரோ மலபார் மறைமாவட்டத்தின் புனித இரபேல் பேராலயம். உரோமை நாள்காட்டி 1969இல் மூவரின் விழாவையும் செப்டம்பர் 29இல் ஒன்றாக்கியது. ஆனாலும் திருச்சூரை அடுத்த ஒல்லூரில் இரபேலின் திருநாள் அக்டோபர் 23, 24 தேதிகளிலேயே கொண்டாடப்படுகிறது.

கபிரியேலை நினைவூட்டுவது 53 மணி செபமாலை. மங்கள வார்த்தைச் செபத்தின் தொடக்கம், லூக்கா நற்செய்தியில் அவர் மரியாவுக்குச் சொன்ன வாழ்த்துதான். மாலையில் வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும் குடும்பம் அந்த வாழ்த்தை 53 முறை சொல்கிறது. கபிரியேலின் பெயரோ அந்த வாழ்த்தில் ஒரு முறைகூட வருவதில்லை. திருவெளிப்பாட்டில் தன் காலில் விழுந்த யோவானைத் தடுத்து, கடவுளை வணங்கச் சொன்ன தூதரின் மனநிலையும் இதுவே. தன்னை மறைத்து, தன்னை அனுப்பியவரைக் காட்டுவதே விவிலியம் தூதருக்குத் தரும் பணி.