முதையும் இதையும்: நிலத்தின் ஓய்வை அளந்தோர்

பழங்கொல்லையை 'முதை' என்றும், புதுக்கொல்லையை 'இதை' என்றும் பழந்தமிழர் வேறுபடுத்தி வழங்கினர். நிலத்தின் வயதைச் சொல்லால் அளந்த இவ்வறிவு தமிழருக்கு மட்டும் உரியதன்று. காடெரித்துப் பயிரிட்ட மக்கள் அனைவர்க்கும், 'ஓய்ந்து கிடக்கும் நிலம் மீண்டும் விதைக்கத் தகுமா?' என்னும் வினா வாழ்வின் வினாவாக இருந்தது. அதற்கு விடை கண்டோருள் பிலிப்பைன்சின் மிந்தோரோத் தீவைச் சேர்ந்த ஹனுனோ மலைமக்கள் குறிப்பிடத்தக்கோர்.

அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஹெரால்டு காங்க்ளின் இவர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1957-இல் 'ஹனுனோ வேளாண்மை' என்னும் நூலை வெளியிட்டார். ஹனுனோ மக்களுக்கு ஏர் இல்லை. கூர்ங்கோலால் குழியிட்டு நெல்லை ஊன்றுவர். பின் கிழங்கும் வாழையும் கொள்வர். சில ஆண்டுகளில் நிலத்தைக் காட்டிடமே ஒப்படைப்பர். எட்டு முதல் பத்தாண்டு ஓய்வு வேண்டும் என்பது பொதுநெறி.

ஆயினும், ஆண்டுக்கணக்கு ஒன்றே போதுவதன்று. நிலத்தில் எழுந்து நிற்பனவே சான்று. பயிர் நீங்கிய இடத்தில் முதலில் களையும் புல்லும், பின் புதரும், அதன்பின் மரமும் மூங்கிலும் தழைக்கும். மரநிழல் செறிந்து புல் மடிந்த மறுவளர்காடே விதைப்புக்கு ஏற்றது. எரித்தால் சாம்பல் உரமாகும், களையும் குறையும். கன்னிக்காட்டை வீழ்த்தும் பேருழைப்பும் தேவையில்லை. மாறாக, அடிக்கடி தீப்பட்ட இடங்களில் கோகோன் என்னும் புல் பரவும். அதன் நிலத்தடித் தண்டு தீயில் அழியாது. மரம் எளிதில் மீளாது. அத்தகைய நிலத்தை அவர்கள் விதைப்புக்குக் கொள்வதில்லை. 1,600-க்கும் மேற்பட்ட தாவர வகைகளையும், மண்ணில் 10 அடிப்படைப் பிரிவுகளையும் 30 உட்பிரிவுகளையும் பெயரிட்டறிந்த மக்களுக்கு இத்தேர்வு குருட்டு நம்பிக்கையன்று.

காங்க்ளினின் நூலை வெளியிட்டது ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம். அந்நிறுவனமே அதே 1957-இல், தன் இதழில், இடம்பெயர் வேளாண்மையை விளைச்சல் பெருக்கத்திற்குப் பெருந்தடை எனச் சாடியது. உண்மையில் குறை முறையில் இல்லை. காத்திருக்க நிலம் இல்லாமையில் உள்ளது. நிலம் சுருங்கின் ஓய்வு குறையும். ஓய்வு குறையின் புல் வெல்லும்.

இம்மக்கள் ஏழசை அடிகளாலான 'அம்பஹான்' பாடல்களை, பிராமி வழிவந்த தம் எழுத்தில், மூங்கிலிற் கத்தியாற் கீறுவர். அவ்வெழுத்து 1999-இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பாடல் தாங்கும் மூங்கில் தழைப்பது ஓய்ந்த நிலத்திலுந்தான். நிலத்திற்கு ஓய்வு மறுக்கப்படின், மரங்களின் பெயர்களும், அவற்றைக் கண்டு மண்ணைத் தேர்ந்த அறிவும் வழக்கொழியும். 'முதை', 'இதை' என்னும் சொற்கள் இன்று அகராதியில் மட்டும் வாழ்வதை எண்ணுவார்க்கு இவ்விழப்பின் அளவு விளங்கும்.