புனித அந்தோனியாரின் பரிந்துரை

புனித அந்தோனியாரின் பரிந்துரை என்பது, பதுவை நகர அந்தோனியார் (1195–1231) தமக்காகக் கடவுளிடம் வேண்டுவார் என்ற நம்பிக்கையில் கத்தோலிக்கர் மேற்கொள்ளும் பக்தி முயற்சி ஆகும். தொலைந்த பொருள்களைக் கண்டடையவும், ஏழைகளின் தேவைகளுக்காகவும் இவரது துணை சிறப்பாக நாடப்படுகிறது. தமிழ்க் கிறித்தவர்கள் இவரைக் "கோடி அற்புதர்" என்று அழைப்பர்.

வாழ்க்கைச் சுருக்கம்

அந்தோனியார் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிறந்தார். இவரது திருமுழுக்குப் பெயர் பெர்னாந்து. முதலில் அகுஸ்தீன் சபையில் சேர்ந்திருந்த இவர், மொரோக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகள் ஐவரின் உடல்கள் 1220 இல் கோயிம்பிரா நகருக்குக் கொண்டுவரப்பட்டதைக் கண்டு, பிரான்சிஸ்கன் சபையில் இணைந்து அந்தோனி என்ற பெயரை ஏற்றார். பின்னர் இத்தாலியில் சிறந்த மறையுரையாளராக விளங்கினார். 1231 ஜூன் 13 அன்று பதுவை அருகே இறந்தார். ஓராண்டுக்குள்ளாகவே, 1232 மே 30 அன்று, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி இவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1946 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இவரை மறைவல்லுநராக அறிவித்தார்.

திருச்சபையின் போதனை

கத்தோலிக்கப் போதனையின்படி, கடவுளுக்கு மட்டுமே ஆராதனை உரியது. புனிதர்களுக்குச் செலுத்தப்படுவது வணக்கம். 787 இல் கூடிய இரண்டாம் நிக்கேயா பொதுச்சங்கம் திருவுருவங்களுக்குச் செய்யும் வணக்கத்தை ஆராதனையிலிருந்து வேறுபடுத்தியது. புனிதர்களின் பரிந்துரையை நாடுவது நல்லது, பயனுள்ளது என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1563 இல் போதித்தது. இறந்தோரும் வாழ்வோரும் கிறித்துவில் ஒரே குடும்பமாக இணைந்துள்ளனர் என்ற நம்பிக்கையே இதன் அடிப்படை ஆகும். உயிரோடிருக்கும் நண்பரிடம் "எனக்காகச் செபியுங்கள்" என்று கேட்பது போன்றே புனிதரிடமும் கேட்கப்படுகிறது.

இவ்வேறுபாடு புனிதர்களின் மன்றாட்டுமாலையில் தெளிவாகக் காணப்படுகிறது. அதில் கடவுளிடம் இரக்கம் கேட்கப்படுகிறது. புனிதர்களிடமோ தமக்காக வேண்டிக்கொள்ளுமாறு மட்டுமே கேட்கப்படுகிறது. புனிதர்கள் பரிந்துரைப்பவர்களாக மட்டுமன்றி, பின்பற்றத்தக்க முன்மாதிரிகளாகவும் கருதப்படுகின்றனர்.

வழக்கங்கள்

* தொலைந்த பொருள்: அந்தோனியாரின் திருப்பாடல் நூலை எடுத்துச் சென்ற இளந்துறவி ஒருவர், அவர் செபித்தபின் அதைத் திருப்பிக் கொடுத்தார் என்று மரபு கூறுகிறது. தொலைந்தவற்றுக்காக இவரை வேண்டும் வழக்கம் இக்கதையுடன் தொடர்புபடுத்தப்படுகிறது.
* செவ்வாய்க்கிழமை: இவரது அடக்கம் 1231 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை நடைபெற்றது. எனவே செவ்வாய்க்கிழமைகளில் நவநாள் செபங்கள் நடத்தப்படுகின்றன. பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து செபிப்போரும் உண்டு.
* அந்தோனியார் அப்பம்: வேண்டுதலின் பெயரால் ஏழைகளுக்கு உணவோ பொருளோ வழங்குவது. பிரான்சின் தூலோன் நகரில் 1890 ஆம் ஆண்டளவில் இவ்வழக்கம் புத்துயிர் பெற்றது. புனிதரிடம் கேட்பவர் பிறருக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டவர் என்பதை இது உணர்த்துகிறது.

மாற்றுக் கருத்து

சீர்திருத்தத் திருச்சபைகள் இவ்வழக்கத்தை ஏற்பதில்லை. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளர் இயேசு ஒருவரே என்ற விவிலியப் போதனையை (1 திமொத்தேயு 2:5) அவை சுட்டுகின்றன. 1530 ஆம் ஆண்டின் லூத்தரன் நம்பிக்கை அறிக்கையான ஆக்சுபர்க் அறிக்கை, புனிதர்களை முன்மாதிரியாக நினைவுகூரலாம் என்று ஏற்றாலும், அவர்களிடம் உதவி வேண்டுவதை மறுத்தது. புனிதர்களின் பரிந்துரை கிறித்துவின் இணைப்பாளர் பணியைச் சார்ந்ததே என்றும், அதற்குப் போட்டியானது அன்று என்றும் கத்தோலிக்க இறையியலாளர்கள் விளக்கம் அளிக்கின்றனர்.

தமிழர் பகுதிகளில்

திருநெல்வேலி மாவட்டத்தின் கடலோர ஊரான உவரியிலும், தூத்துக்குடி மாவட்டத்தின் புளியம்பட்டியிலும் புகழ்பெற்ற அந்தோனியார் திருத்தலங்கள் உள்ளன. கச்சத்தீவில் உள்ள அந்தோனியார் கோவிலின் ஆண்டுத் திருவிழா, தமிழக, இலங்கை மீனவர்கள் ஒன்றுகூடும் நிகழ்வாக விளங்குகிறது. 1974 ஒப்பந்தத்தின்படி அத்தீவு இலங்கையின் எல்லைக்குள் அமைந்தது.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திற்குப் பிற சமயத்தவரும் வந்து வேண்டுகின்றனர். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் இத்தலமும் தாக்கப்பட்டது. வழிபாட்டிற்கு வந்திருந்த பலர் உயிரிழந்தனர். சீரமைக்கப்பட்ட ஆலயம், அந்தோனியார் திருவிழாவிற்கு முந்தைய நாளான 2019 ஜூன் 12 அன்று மீண்டும் திறக்கப்பட்டது.