மூச்சு இயந்திரமும் பேசும் இயந்திரமும்

செயற்கை நுண்ணறிவை மருத்துவத்திலும் இறைநம்பிக்கையிலும் கிறிஸ்தவர்கள் எவ்வாறு அணுகுவது என்ற வினா, முன்னுதாரணமே அற்றது போல இன்று பேசப்படுகிறது. ஆனால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் குருவானவருக்கும் நடுவே ஓர் இயந்திரம் வந்து நின்ற தருணம் முன்பும் ஒன்று உண்டு. அதை நினைவுகூர்வது பயன் தரும் எனக் கருதுகிறோம்.

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் கடுமையாகத் தாக்கியது. சுவாசத் தசைகள் செயலிழந்தவர்கள் நாள்தோறும் பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தனர். அங்கிருந்ததோ ஓர் இரும்பு நுரையீரலும், மார்பில் பொருத்தும் ஆறு கருவிகளும் மட்டுமே. முதலில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மூன்றே நாட்களில் மாண்டனர். அப்போது மயக்கமருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்திக் காட்டினார். சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து பையை அமுக்கினர். தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது என்பர். சில ஆண்டுகளில் அக்கைகளின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

கை சோரும், இயந்திரம் சோராது. மீளவே வழியில்லாத நோயாளியின் உடலிலும் அது மூச்சைச் செலுத்திக்கொண்டே இருந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகர மருத்துவர் புரூனோ ஹைட் இது குறித்த மூன்று ஐயங்களை வத்திக்கானுக்கு அனுப்பினார். நம்பிக்கையற்ற நிலையிலும் கருவியைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமா? அதை அகற்றலாமா? கருவியால் மட்டும் மூச்சுவிடுபவர் இறந்தவரா, உயிருள்ளவரா? மூன்றாவது வினாவில் மருத்துவத்தோடு சமயமும் கலந்திருந்தது. நோயில்பூசுதல் என்னும் அருட்சாதனம் உயிரோடிருப்பவர்க்கே உரியது அல்லவா?

போப் பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பர் 24ஆம் நாள் மருத்துவர்களிடையே பேசும்போது விடையளித்தார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது கடமை. நோயாளிக்கும் பிறர்க்கும் பெரும் சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாள்வது கட்டாயமன்று. நோயாளியின் இசைவின்றி மருத்துவருக்குத் தனியுரிமை ஏதும் இல்லை. மரணத்தின் கணத்தை வரையறுப்பது திருச்சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. அது மருத்துவரின் வேலை. ஐயமிருப்பின் நிபந்தனையோடு பூசுதல் வழங்கலாம். சாதாரணம், அசாதாரணம் என்ற இப்பாகுபாட்டை அவர் புதிதாகப் படைக்கவில்லை. விட்டோரியா, பான்யெஸ் முதலிய 16ஆம் நூற்றாண்டு ஸ்பானிய இறையியலாளர்கள் அறுவைச் சிகிச்சையையும் விலைமிகுந்த உணவையும் முன்னிட்டு வளர்த்த சிந்தனை அது. புதிய கருவிக்கு மறுமொழி பழைய பெட்டகத்திலிருந்தே எடுக்கப்பட்டது.

இயந்திரத்தால் இயலும் என்பதனாலேயே அது கடமையாகிவிடாது என்பதும், அறிவியல் உண்மையைக் கூறவேண்டியவர் அறிவியலாளரே என்பதும், இறுதிச் சொல் நோயாளிக்கு உரியது என்பதும் அவ்விடையின் சாரம். எக்ஸ்ரே படத்தைப் படித்துச் சொல்லும் கணினிக்கும் இவை மூன்றும் பொருந்தும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மூச்சு இயந்திரம் பேசாது. இன்றைய இயந்திரம் பேசும். எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா என்னும் நிரல், மனநல மருத்துவர் போல நம் சொற்களையே திருப்பிக் கேட்டது. அதனோடு தனிமையில் பேச விரும்பிய அவருடைய செயலாளர், அவரையே அறையை விட்டு வெளியேறச் சொன்னார். புரிதலே இல்லாத ஒன்றிடம் மனிதர் இவ்வளவு எளிதில் மனந்திறப்பது வைசன்பாமை அச்சுறுத்தியது. பின்னர் இத்துறையின் கடுமையான விமர்சகராகவே அவர் மாறினார்.

சமயத்தில் இதன் விளைவை 2024இல் கண்டோம். அமெரிக்காவின் கத்தோலிக்க ஆன்சர்ஸ் அமைப்பு உருவாக்கிய 'ஃபாதர் ஜஸ்டின்' என்ற உரையாடி, தான் மெய்யான குரு என்று கூறி, கேட்டவர்க்குப் பாவமன்னிப்பும் வழங்கியது. சில நாட்களிலேயே அதன் குருப்பட்டம் பறிக்கப்பட்டு, அது வெறும் ஜஸ்டின் ஆயிற்று. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று 2002லேயே வத்திக்கான் ஆவணம் ஒன்று கூறியிருந்தது. அதே 2024இல் ஸ்விட்சர்லாந்தின் லூசெர்ன் நகர ஆலயத்தில், பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் இயேசுவின் உருவம் காட்டிப் பேசும் கணினி இரு மாதங்கள் வைக்கப்பட்டது. அது பாவசங்கீர்த்தனம் அன்று என்று அமைப்பாளர்கள் கூறினர். எனினும் ஏறத்தாழ 900 உரையாடல்கள் நிகழ்ந்தன.

2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட 'பழமையும் புதுமையும்' என்ற பொருள்படும் ஆவணம், நோயறிவதில் இக்கருவிகளின் நன்மையை ஏற்றுக்கொண்டது. மருத்துவருக்கும் நோயாளிக்குமான உறவின் இடத்தை அவை பிடித்துக்கொண்டால் நோயின் தனிமை மேலும் கொடிதாகும் என்றும் எச்சரித்தது. 1957இன் தொடர்ச்சியாகவே இதைக் காண்கிறோம்.

ஆயினும் தடைகளும் எச்சரிக்கைகளும் போதுமானவை அல்ல. நள்ளிரவில் ஒரு நோயாளி கணினியிடம் தன் அச்சத்தைச் சொல்கிறார் என்றால், அவருக்கு வேறு யார் இருந்தார்கள் என்று முதலில் கேட்கவேண்டும். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், நோயுற்றோரைச் சென்று கண்டாயா என்பதே இறுதித் தீர்ப்பின் அளவுகோல்களுள் ஒன்று. கோபன்ஹேகன் மாணவர்கள் காற்றோடு தம் துணையையும் அளித்தனர். இயந்திரம் கைகளை விடுவித்தபோது, விடுபட்ட அந்தக் கைகள் நோயாளியின் பக்கத்திலேயே இருந்திருக்கவேண்டும். செயற்கை நுண்ணறிவு மிச்சப்படுத்தித் தரும் நேரத்தைக் கிறிஸ்தவச் சமூகம் எங்கே செலவிடப்போகிறது என்பதே, அதை ஏற்பதா மறுப்பதா என்பதைவிட முக்கியமான வினா என நாம் எண்ணுகிறோம்.