கார்ன்வால் மாத அறிக்கையும் காணாமற்போன பத்தாண்டும்

மிக்கேல் போல்ட்ரினும் டேவிட் லெவைனும் அறிவுச் சொத்துரிமையை எதிர்த்து 2008இல் எழுதிய நூல் ஜேம்ஸ் வாட்டின் கதையோடு தொடங்குகிறது. வாட் 1769இல் பெற்ற காப்புரிமையை நாடாளுமன்றம் 1775இல் நீட்டித்தது. அது 1800 வரை நீடித்தது. அதுவரை நீராவிப் பொறியின் வளர்ச்சி முடங்கிக் கிடந்தது, தடை நீங்கியதும் பெருகியது என்பது அவர்கள் வாதம். காப்புரிமைக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 750 குதிரைத்திறன் கூடியது, பின்வந்த முப்பதாண்டுகளில் 4000க்கு மேல் கூடியது என்கிறார்கள். எரிபொருள் திறன் 1810க்கும் 1835க்கும் இடையே ஐந்து மடங்கானது என்கிறார்கள்.

இந்தப் பிந்தைய கூற்றில்தான் எனக்கு உடன்பாடில்லை. காப்புரிமை முடிந்தது 1800இல்; அவர்கள் கணக்கு தொடங்குவதோ 1810இல். நடுவில் ஒரு பத்தாண்டு விடுபட்டிருக்கிறது. அறிவைப் பூட்டிவைத்த காப்புரிமைதான் தடை என்றால், பூட்டுத் திறந்த மறுநாளே இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் நீர் இறைத்த பொறிகளின் திறன் ஏறியிருக்க வேண்டும். அலெஸாந்த்ரோ நுவோலாரியின் ஆய்வு காட்டுவது இதற்கு நேர்மாறு. வாட்டின் நிறுவனமான போல்டன்–வாட் நிறுவனத்தார் கார்ன்வாலைவிட்டு வெளியேறியபின் பொறிகளின் பராமரிப்பு தளர்ந்தது. வாட் பொறியால் மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அவர்களுக்குக் கட்டணமாகச் செலுத்திவந்த சுரங்கத்தார், அந்தச் சுமை இறங்கியதே போதும் என்றிருந்தனர். இக்காலத்துக்குத் தொடர்ச்சியான அளவீடுகள் இல்லை என்பது உண்மை. ஆனால் அளப்பதையே விட்டுவிட்டார்கள் என்பதும் ஒரு சான்றுதான். என் வாதத்துக்கு அதுவே வலுவான சான்று.

1811இல் சுரங்க மேலாளர் ஜோயல் லீன் மாத அறிக்கை ஒன்றைத் தொடங்கினார். ‘லீன்ஸ் எஞ்சின் ரிப்போர்ட்டர்’ என்று பெயர்பெற்ற அதன் அட்டவணையில் சற்று நிற்க வேண்டும். சுரங்கத்தின் பெயர், உருளையின் விட்டம், சுமை, எரித்த நிலக்கரி, பொறியாளரின் பெயர் என்று கட்டங்கள் செல்கின்றன. அவற்றில் முதன்மையானது, ஒரு புஷல் நிலக்கரியால் ஓரடி உயரத்துக்கு எத்தனை பவுண்டு நீர் ஏறியது என்ற கட்டம். இந்த அளவுக்கு ‘டியூட்டி’ என்று பெயர். யார் பொறி நன்றாக ஓடுகிறது, யாருடையது நிலக்கரியைத் தின்கிறது என்பது மாதந்தோறும் ஊரறியத் தெரிந்தது. கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது. வேல்ஸிலிருந்து கடல்வழி வர வேண்டியிருந்ததால் அதை மிச்சம் பிடிப்பது முக்கியமாயிற்று. பங்குதாரர் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களில் பங்கு வைத்திருந்ததால் பக்கத்துச் சுரங்கத்தின் மிச்சமும் அவர்களுக்கு ஆதாயமே.

அளவையிலும் ஒரு சிக்கல் உண்டு. கார்ன்வால் புஷல் 94 பவுண்டு. முன்னர் பொறியாளர் ஸ்மீட்டன் கணக்கிட்ட புஷல் 84 பவுண்டு. இதைக் கவனிக்காமல் பழைய எண்களையும் லீனின் எண்களையும் பக்கத்தில் வைத்தால் ஏற்றம் பொய்யாகப் பெருகும். ‘ஐந்து மடங்கு’ என்பதும் எல்லாப் பொறிகளுக்கும் பொருந்தாது. அறிக்கையில் வந்த பொறிகளின் சராசரி டியூட்டி 1813இல் சுமார் 2 கோடி. 1835இல் 5 கோடிக்குச் சற்றுக் கீழே. அதே 1835இல் ஃபோவே கன்சோல்ஸ் சுரங்கத்தில் வில்லியம் வெஸ்ட் அமைத்த பொறி சோதனையில் 12.5 கோடியைத் தொட்டது. ஐந்து மடங்கைத் தாண்டியது அந்த உச்சி மட்டுமே.

என் வாசிப்பிலும் ஓர் ஓட்டை உண்டு. அறிக்கை தொடங்கிய மறு ஆண்டே, 1812இல், ரிச்சர்ட் ட்ரெவிதிக் வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் உயரழுத்தப் பொறியை நிறுவினார். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. ஏற்றத்தில் எவ்வளவு அவர் பொறியால், எவ்வளவு அறிக்கையால் என்று பிரிப்பது கடினம். ஆனால் 1820களில் சாமுவேல் குரோஸ் கொதிகலனையும் குழாய்களையும் வெப்பம் கசியாதபடி போர்த்தி டியூட்டியை உயர்த்தியதுபோன்ற சிறு திருத்தங்களின் பயனை எண்ணாகக் காட்டி, மற்றவரையும் பின்பற்றவைத்தது அறிக்கைதான் என்றே கருதுகிறேன்.

நாட்டு உற்பத்தித்திறனில் இந்த ஏற்றம் எப்போது தெரிந்தது? நிக்கோலஸ் கிராஃப்ட்ஸ் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பிரிட்டனின் உழைப்புத் திறன் வளர்ச்சியில் 1830 வரை நீராவியின் பங்கு மிகச் சொற்பம்; 1850க்குப் பிறகே அது பெரிதாயிற்று. அச்சில் யாருக்கும் கிடைத்த கார்ன்வால் அறிவு லங்காஷயர் ஆலைகளில் பரவலாக இடம்பிடித்ததும் 1840களிலிருந்துதான். அங்கே நிலக்கரி வாசலிலேயே மலிவாகக் கிடைத்தது. ஆலைகளின் தயக்கத்துக்குக் காரணம் அந்த மலிவா, நீர் இறைக்கும் பொறியின் அட்டவணை ஆலைப் பொறிக்குப் பயன்படாததா என்பதை லீனின் கட்டங்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது.